டொராண்டோ தோட்டத்துக்குப் பின்பூக்கும் புதர்ச்செடி: ஐந்தில் எதை நடலாம்?

ஆகஸ்ட் கடைசி வந்தால் டொராண்டோ வட்டாரத்துத் தோட்டங்கள் களைத்துவிடும். லைலாக், பியோனி எல்லாம் ஜூனோடு சரி. ரோஜாவும் பெரிய சுற்றை முடித்துவிட்டு அங்கொன்று இங்கொன்றாகப் பூத்துக்கொண்டிருக்கும். நம் வீடுகளில் பின்பக்கம் முழுக்கக் கத்தரி, மிளகாய், பாகல், புடலைதான். முதல் உறைபனியில் அவையும் ஒரே இரவில் கருகிவிடும். அப்புறம் ஏப்ரல் வரை வெறும் வேலியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இதற்குக் கடைக்காரர்கள் தரும் தீர்வு தொட்டிச் சாமந்தி. செப்டம்பரில் வாங்கி வாசல்படியில் வைத்தால் அக்டோபர் வரை அழகாக இருக்கும், நவம்பரில் குப்பைக்குப் போகும். வருடாவருடம் இதே செலவு. அதற்குப் பதிலாகக் கோடைக் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் பூக்கும் புதர்ச்செடி ஒன்றை ஒருமுறை நட்டுவிடலாம். ஒழுங்காக வேர் பிடித்தால் பல வருடங்கள் இருக்கும். இந்த ஊரில் எளிதாகக் கிடைப்பவற்றில் எடுத்துப் பேசத் தகுந்தவை ஐந்து: ரோஸ் ஆஃப் ஷாரன், பானிக்கிள் ஹைட்ரேஞ்சா, காரியோப்டெரிஸ், செவன்-சன், விட்ச் ஹேசல்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெயிலும் இடமும் உள்ளவர்கள் செவன்-சன் நடுங்கள். வெயில் குறைந்த பின்பக்கத்துக்கு விட்ச் ஹேசல். சின்ன முன்பக்கம், கவனிக்க நேரமும் இல்லை என்றால் ஹைட்ரேஞ்சா. மற்ற இரண்டையும் குறிப்பிட்ட காரணம் இருந்தால் மட்டும் நடலாம். ஏன் என்று பார்ப்போம்.

ஜூனில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

பெரும்பாலோர் செடி வாங்குவது மே, ஜூன் மாதங்களில். தோட்டத்தில் எங்கே வெயில் விழுகிறது என்று பார்ப்பதும் அப்போதுதான். பின்பூக்கும் செடிகளைப் பொறுத்தவரை அந்த நேரத்துக் கணிப்பு உதவாது.

டொராண்டோவில் ஜூன் கடைசியில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட 70 டிகிரி உயரத்தில் நிற்கும். அக்டோபர் நடுவில் அது 38 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆறடி மர வேலியின் நிழல் ஜூனில் இரண்டடி விழுந்தால் அக்டோபரில் ஏழரை அடி விழும். வீட்டுச் சுவரின் நிழலைச் சொல்லவே வேண்டாம். ஜூனில் ‘நல்ல வெயில்’ என்று நீங்கள் குறித்துவைத்த மூலை, செடி பூக்க வேண்டிய நேரத்தில் நாள் முழுக்க நிழலில் கிடக்கலாம். ஆகவே இடம் பார்க்கும் வேலையைச் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். மதியம் ஒரு மணிக்கு ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை நிழல் எதுவரை வருகிறது என்று பார்த்துச் சின்னக் கம்பு நட்டு வைத்தால் போதும்.

அடுத்தது உறைபனி. ஒன்டாரியோ ஏரி கோடையில் வாங்கிய வெப்பத்தை மெதுவாகத்தான் வெளியே விடும். அதனால் ஏரிக்கரையை ஒட்டிய வீடுகளுக்கு முதல் உறைபனி அக்டோபர் கடைசிவரைகூடத் தள்ளிப்போகும். மார்க்கம், ரிச்மண்ட் ஹில், பிராம்ப்டன் என்று வடக்கே போனால் அக்டோபர் முதல் பாதியிலேயே விழுந்துவிடும். இரண்டு மூன்று வார வித்தியாசம் மற்ற செடிகளுக்குப் பெரிதில்லை. பின்பூக்கும் செடிக்கு அதுதான் மொத்தப் பருவமே.

மூன்றாவது மண். ஸ்கார்பரோ, மார்க்கம், மிசிசாகா பக்கங்களில் பல இடங்களில் களிமண். புதிய குடியிருப்பு என்றால் வீடு கட்டும்போது மேல்மண்ணை வழித்தெடுத்து, அடிமண்ணை இயந்திரங்கள் ஏறி இறுக்கி, மேலே நாலு விரற்கடை மண்ணும் புல்லும் போட்டிருப்பார்கள். ஓரடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தண்ணீர் மறுநாள் காலையிலும் குழியில் நின்றால் கீழே சொல்லும் செடிகளில் ஒன்று உங்களுக்கு இல்லவே இல்லை.

ரோஸ் ஆஃப் ஷாரன்

தமிழர் வீடுகளில் அதிகம் காண்பது இதுதான். காரணம் வெளிப்படை. செம்பருத்தி இனம், பூவும் அதே சாயல். வெப்பநாட்டுச் செம்பருத்தியைத் தொட்டியில் வைத்து அக்டோபரில் உள்ளே தூக்க வேண்டும். இது வெளியிலேயே பனிக்காலத்தைத் தாண்டும், மைனஸ் 20 டிகிரியையும் தாங்கும். தாவரவியல் பெயரில் (Hibiscus syriacus) சிரியா ஒட்டியிருந்தாலும் பிறந்த மண் சீனா. தென்கொரியாவின் தேசிய மலரும் இதுவே.

பூஜைக்குப் பூ வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட ஏற்ற செடி இந்தக் குளிர்நாட்டில் இல்லை. பெரும்பாலும் ஒவ்வொரு பூவும் ஒரு நாள்தான் நிற்கும். காலையில் விரிந்ததைப் பறித்தால் செடிக்கு ஒரு குறையும் இல்லை, மறுநாள் அடுத்தது வரும். நவராத்திரி செப்டம்பர் கடைசியில் வரும் வருடங்களில் பறிக்க நாலு பூ இருக்கும். அக்டோபரில் வந்தால் சந்தேகம்தான்.

அதுதான் இதன் குறை. உச்சப் பூப்பு ஜூலை கடைசியும் ஆகஸ்டும். செப்டம்பரில் குறைந்துகொண்டே வரும். அக்டோபரில் மிச்சமிருக்கும் மொட்டுகள் குளிரில் விரியாமலே உதிரும். கோடைக் கடைசிக்கான செடி இது. இலையுதிர் காலத்துக்கு என்று கேட்பவருக்கு நான் சொல்லமாட்டேன்.

வாங்குவதாக இருந்தால் இரகம் பார்த்து வாங்குங்கள். சாதாரண இரகம் விதை கொட்டி, அடுத்த வசந்தத்தில் அடியில் கீரைப் பாத்தி மாதிரி நாற்று முளைத்து நிற்கும். பிடுங்கி மாளாது. வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசிய மரத்தோட்டத்தில் டொனால்ட் எகால்ஃப் உருவாக்கிய டயானா, ஹெலீன், மினர்வா, அஃப்ரடைட்டி ஆகிய இரகங்கள் விதை மிகக் குறைவாகவே பிடிக்கும். டயானா தூய வெள்ளை, பெரிய பூ. ஜூலையில் பச்சையும் செம்பும் கலந்து பளபளக்கும் ஜப்பானிய வண்டுகள் வரும். அதிகாலையில் அவை மந்தமாக இருக்கும்போது சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தட்டிவிடுவதுதான் எளிய வழி.

இன்னொன்று. வசந்தத்தில் இது மிகத் தாமதமாகத்தான் துளிர்க்கும். மற்றதெல்லாம் பச்சைப் பசேலென்று நிற்கும்போது மே கடைசிவரை இது காய்ந்த குச்சியாக நிற்பதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. கிளையில் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பொறுத்திருங்கள்.

பானிக்கிள் ஹைட்ரேஞ்சா

ஹைட்ரேஞ்சா என்றதும் நீலமாகவும் இளஞ்சிவப்பாகவும் உருண்டையாகப் பூக்கும் செடி நினைவுக்கு வரும். அது வேறு வகை. போன வருடத்துக் கிளையில் மொட்டு வைத்திருக்கும், டொராண்டோ பனிக்காலத்தில் அந்த மொட்டு கருகும், செடி வெறும் இலையாக நிற்கும். பானிக்கிள் வகை கூம்பு வடிவில் பூக்கும். அந்த வருடம் வளர்ந்த கிளையிலேயே பூப்பதால் பனிக்காலம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் பூ தவறாது. மண்ணின் அமிலத்தன்மையை மாற்றி நிறம் மாற்றும் வித்தை இதில் பலிக்காது. அதற்கான உரப் பொட்டலத்துக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

பச்சை கலந்த வெள்ளையில் தொடங்கி, இரவுகள் குளிரக் குளிர இளஞ்சிவப்பாகி, கடைசியில் பழுப்பாகக் காய்ந்து பனிக்காலம் முழுக்கக் கிளையிலேயே நிற்கும். ‘லைம்லைட்’ இரகம் ஏழெட்டு அடி உயரும். முன்பக்கம் சிறியது என்றால் ‘லிட்டில் லைம்’. இலையுதிர் காலத்துக்கு என்றே தேடினால் ‘டார்டிவா’ என்ற பழைய இரகத்தைக் கேட்டு வாங்குங்கள். மற்றவை ஜூலையில் தொடங்கும்போது இது ஆகஸ்டில்தான் தொடங்கும். பூங்கொத்தும் அடைசலாக இல்லாமல் இடைவெளி விட்டிருப்பதால் மழையில் நனைந்து சாயாது. ‘லைம்லைட்’ போன்றவற்றின் கொத்தில் பெரும்பகுதி மலட்டுப் பூக்கள், தேனீக்குக் கிடைப்பது சொற்பம். டார்டிவாவில் மகரந்தமுள்ள சிறு பூக்கள் நிறைய.

களிமண்ணைப் பொறுத்துக்கொள்ளும், அரைநாள் வெயில் போதும். தண்ணீர் மட்டும் கேட்கும். ஜூலை வறட்சியில் மதியமே இலை தொங்கிவிடும். ரூஜ் பூங்காவை ஒட்டிய வீடுகளில் மான் வந்து மொட்டை மேய்ந்துவிட்டுப் போகும், பனிக்காலத்தில் முயல் அடித்தண்டைக் கடிக்கும். முதல் சில வருடங்களுக்குச் சுற்றிக் கம்பிவலை போடுங்கள். கவாத்து, அதாவது கிளை வெட்டுவது, மார்ச் கடைசியில், உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவுதான் பராமரிப்பு.

காரியோப்டெரிஸ்

புளூபியர்ட் என்றும் விற்பார்கள். இடுப்புயரம்கூட வராத சின்னப் புதர். சாம்பல் பூத்த இலை, கசக்கினால் மருந்துவாசம். ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் வரை நீலப்பூ. இந்தப் பட்டியலில் நீலம் இது ஒன்றுதான், மஞ்சள் இலைகள் உதிரும் நேரத்தில் அந்த நீலம் கண்ணை இழுக்கும். தேனீ அவ்வளவு வரும். மான் தொடாது. இப்போது தோட்டங்களில் உள்ள கலப்பினம் 1930 வாக்கில் இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்து வெஸ்ட் கிளாண்டனில், ஆர்தர் சிம்மண்ட்ஸ் என்பவரின் தோட்டத்தில் தானாகவே உருவானது.

ஆனால் குழித் தண்ணீர் மறுநாளும் நின்றதென்றால் உங்களுக்கு இல்லை என்று சொன்னேனே, அந்தச் செடி இதுதான். பலரும் குளிரைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் இதைக் கொல்வது பனிக்கால ஈரம். மார்ச்சில் பனி உருகிக் களிமண்ணில் தண்ணீர் தேங்கும்போது வேர் அழுகிவிடும். சரிவான இடம், மேடைப் பாத்தி, தெற்குப் பார்த்த சுவரோரம், சரளை கலந்த மண் என்று ஏதாவது இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஏப்ரலில் தரையிலிருந்து அரை அடி, ஓரடி விட்டு வெட்டிவிட வேண்டும், புதுத்தண்டில்தான் பூ.

செவன்-சன்

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல ஆசை, ஏனென்றால் நம்மவர் வீடுகளில் இதைக் காண்பதே அரிது. 1907-இல் தாவரச் சேகரிப்பாளர் எர்னஸ்ட் வில்சன் சீனாவின் ஹூபெய் மாகாணத்தில் சேகரித்த செடி. ஆனாலும் மேற்கத்தியத் தோட்டங்களுக்கு அது வந்துசேர எழுபது வருடத்துக்கு மேல் ஆனது. 1980-இல் சீன-அமெரிக்கத் தாவரவியல் பயணத்தின்போது ஹாங்ஜோ தாவரவியல் தோட்டத்திலிருந்து விதை வாங்கிப் பாஸ்டனின் ஆர்னால்ட் மரத்தோட்டத்தில் வளர்த்த பிறகுதான் பரவியது. பழகாத பெயராக இருப்பதற்கு இதுவே காரணம்.

இதன் சிறப்பு, ஒரே பருவத்தில் இரண்டு முறை காட்சி தருவது. ஆகஸ்ட் கடைசியில் கிளை நுனிகளில் வெள்ளைப் பூக்கள் கொத்துக்கொத்தாக விரியும், மல்லிகையை நினைவூட்டும் வாசத்தோடு. செப்டம்பர் முழுக்க நிற்கும். பூவிதழ் உதிர்ந்த பிறகு, பூவைத் தாங்கியிருந்த சின்னப் பச்சைப் புல்லிவட்டம் வளரத் தொடங்கும். அக்டோபரில் அது அடர்ந்த ரோஜாச் சிவப்பாக மாறும். தூரத்திலிருந்து பார்ப்பவர் செடி இரண்டாவது தடவை வேறு நிறத்தில் பூத்திருக்கிறது என்றே நினைப்பார். வெள்ளை தீர்வதற்குள் சிவப்பு தொடங்கிவிடுவதும் உண்டு, அப்போது ஒரே கொத்தில் இரண்டும் இருக்கும். லேசான உறைபனிக்கு அந்தச் சிவப்பு அசையாது. இலை கொட்டிய பிறகு, நீளநீளமாக உரிந்து தொங்கும் வெளிர்ப்பட்டை தெரியும்.

செப்டம்பரில் மொனார்க் பட்டாம்பூச்சிகள் மெக்சிகோவின் மலைக்காடுகளை நோக்கிப் போகும் வழியில் ஒன்டாரியோ ஏரிக்கரையைத் தொட்டுச் செல்லும். அந்த நெடும் பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்க அவற்றுக்குத் தேன் வேண்டும். கோடைப் பூக்கள் முடிந்துவிட்ட அந்த நேரத்தில் பூத்து நிற்கும் செவன்-சன் அவற்றுக்கு நல்ல இளைப்பாறுமிடம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த ஒரு காரணத்துக்காகவே நடலாம்.

விலையாகக் கொடுக்க வேண்டியது இடம். பதினைந்து, இருபது அடி உயரும், பத்தடி அகலம் கேட்கும். கீழ்க்கிளைகளை எடுத்துவிட்டுச் சிறு மரமாகவும் வளர்க்கலாம். தொடர்வீட்டு முன்பக்கத்துக்கு ஒத்துவராது. நல்ல வெயில் தேவை. நிழலில் வைத்தால் பூ பிந்தும், பூ பிந்தினால் உறைபனி சிவப்பு நிறம் ஏறும் முன்னே முந்திக்கொள்ளும். வடக்கே இருப்பவர்கள் அக்டோபர் நிழலை அளந்துவிட்டுத்தான் இதற்கு இடம் ஒதுக்க வேண்டும்.

விட்ச் ஹேசல்

மற்ற நான்கும் ஆசியாவோடு தொடர்புள்ளவை, இது ஒன்றுதான் இந்த மண்ணிலேயே பிறந்தது. தெற்கு ஒன்டாரியோவின் காடுகளில் பெரிய மரங்களின் அடியில் தானாக வளர்கிறது. பூர்வகுடிகள் இதன் பட்டையை மருந்தாகப் பயன்படுத்தினார்கள். மருந்துக் கடைகளில் சருமத்துக்கு விற்கும் விட்ச் ஹேசல் நீர் இதிலிருந்து எடுப்பதுதான்.

இது பூப்பது அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரை. அதாவது தீபாவளியை ஒட்டி, வேறு எந்தப் புதரும் பூக்கத் துணியாத நேரத்தில். பூவைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் நான்கே இதழ், எலுமிச்சை மஞ்சள், முக்கால் அங்குல நீளம், கசங்கிய ரிப்பன் துண்டு போல. அதே கிளையில் போன வருடப் பூவின் காயும் முற்றிக்கொண்டிருக்கும். காய் வெடிக்கும்போது சின்னச் சொடுக்குச் சத்தத்தோடு கறுத்த விதைகளைப் பல அடி தூரம் எறியும். இந்த வருடப் பூவில் மகரந்தம் சேர்ந்தாலும் கருவுறுதல் அடுத்த வசந்தத்தில்தான் நடக்கும், காய் முற்ற அடுத்த இலையுதிர் காலம் ஆகும். குளிர் இரவுகளில் இதைத் தேடி வருபவற்றில் ஒருவகை அந்துப்பூச்சியும் உண்டு. சிறகுத் தசையை நடுங்கவைத்துத் தன் உடலைச் சூடேற்றிக்கொண்டு பறப்பது. உயிரியலாளர் பெர்ண்ட் ஹைன்ரிச் அந்தப் பூச்சிகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

தூரத்திலிருந்து பார்த்தால் பூ பளிச்சென்று தெரியாது. சில செடிகளில் இலையும் அதே மஞ்சளாகி உதிராமல் நின்று பூவை மறைக்கும். ஆகவே தோட்டத்தின் கோடியில் நடாதீர்கள். நவம்பரில் நீங்கள் தினமும் கடக்கும் இடத்தில், பின்கதவுப் படியோரத்திலோ சமையலறை ஜன்னலுக்கு எதிரிலோ நடுங்கள். பின்னணியில் கரும்பச்சை சீடர் வேலி இருந்தால் மஞ்சள் எடுப்பாகத் தெரியும். அரைநிழல் போதும், களிமண்ணிலும் வரும் என்றாலும் இலைமக்கு கலந்தால் நல்லது. வளர்ச்சி நிதானம், பத்துப் பன்னிரண்டு அடி எட்ட வருடங்கள் ஆகும். கவாத்து கிட்டத்தட்டத் தேவையே இல்லை.

கடையில் மட்டும் ஜாக்கிரதை. நர்சரிகளில் விட்ச் ஹேசல் என்று நிற்பவற்றில் பல, ஜப்பான், சீன இனங்களைக் கலந்து உருவாக்கியவை. ‘ஆர்னால்ட் ப்ராமிஸ்’, ‘ஜெலீனா’, ‘டயான்’ எல்லாம் அந்த வகை. நல்ல செடிகள்தான், ஆனால் பூப்பது பனிக்காலக் கடைசியில், பிப்ரவரி மார்ச்சில். அட்டையில் இந்த மண்ணின் இனப்பெயரான ‘வர்ஜினியானா’ (virginiana) என்று எழுதியிருப்பதை மட்டும் எடுங்கள். இல்லையென்றால் நவம்பரில் காத்திருந்து பயனில்லை.

இரண்டு நட இடமிருந்தால்

செவன்-சன்னும் விட்ச் ஹேசலும் சேர்ந்தால் ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் நடுவரை ஒரு வாரம்கூட இடைவெளி விழாது. ஒன்று வெயிலுக்கு, ஒன்று நிழலுக்கு, இடச்சண்டையும் இல்லை. சிறிய வீட்டில் டார்டிவாவும் விட்ச் ஹேசலும். வடிகால் நன்றாக இருந்தால் டார்டிவாவின் காலடியில் தெற்குப் பக்கமாகக் காரியோப்டெரிஸ் மூன்று வைக்கலாம், வெள்ளைக்குக் கீழே நீலம் பார்க்க நிறைவாக இருக்கும். பூஜைப் பூதான் முதல் தேவை என்பவர்கள் இந்தக் கணக்கையெல்லாம் விட்டுவிட்டு டயானா ஒன்று நட்டுக்கொள்ளலாம், அதில் எனக்கு மறுப்பே இல்லை.

எப்போது வாங்கி எப்போது நடுவது

செப்டம்பர் கடைசியில் நர்சரிகளில் தள்ளுபடி தொடங்கும். ஹைட்ரேஞ்சா, விட்ச் ஹேசல், செவன்-சன் மூன்றையும் அப்போது வாங்கி அக்டோபர் நடுவுக்குள் நடலாம். மண் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், வேர் ஓடும். ஹைட்ரேஞ்சாவையும் செவன்-சன்னையும் பூத்த நிலையில் பார்த்து வாங்கும் வசதியும் உண்டு. காரியோப்டெரிஸையும் ரோஸ் ஆஃப் ஷாரனையும் தள்ளுபடியைப் பார்த்து எடுத்துவிடாதீர்கள். இளஞ்செடி வேர் பிடிக்குமுன் பனிக்காலம் வந்தால் தாங்காது, மே மாதம்தான் அவற்றுக்குப் பாதுகாப்பு.

கடப்பாறை எடுக்குமுன் ‘ஒன்டாரியோ ஒன் கால்’ (Ontario One Call) சேவையில் பதிவு செய்யுங்கள். எரிவாயு, மின்கம்பி, தொலைபேசி வடம் எங்கே போகிறது என்று இலவசமாக வந்து குறித்துவிட்டுப் போவார்கள். சொந்த வீட்டில் கையால் தோண்டினாலும் சட்டப்படி இது கட்டாயம். ஆள் வர நாளாகலாம் என்பதால் செடி வாங்குமுன்பே பதிவு செய்துவிடுவது நல்லது.

குழி, வேர்க்கட்டியின் ஆழமே இருக்கட்டும், அகலம் இரண்டு மடங்கு. தொட்டியில் வட்டமாகச் சுற்றிக்கிடக்கும் வேரைக் கத்தியால் நாலு பக்கம் கீறி விரித்துவிடுங்கள், இல்லையென்றால் களிமண்ணிலும் அது அதே வட்டத்தில்தான் சுற்றும். நட்டபின் மூன்று அங்குலம் மூடாக்கு (மல்ச்), தண்டைத் தொடாமல். இலை உதிர்ந்துவிட்டது, இனி தண்ணீர் வேண்டாம் என்று நிறுத்திவிட வேண்டாம். வேர் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். மழை இல்லாத வாரங்களில், நிலம் இறுகி உறையும் வரை, செடிக்கு ஒரு வாளி வீதம் ஊற்றுங்கள்.